காற்புள்ளியும் கடைசிப் பெட்டியும்

நம் சங்கத்தின் கல்வி உதவிப் பட்டியல்களை இனி ஒவ்வொரு ஊரிலிருந்தும் கணிப்பொறியிலேயே தயாரித்து அனுப்ப வேண்டும் என்று முடிவாகியிருக்கிறது. அப்படி வரும் பட்டியல்களை ஒன்றோடொன்று இணைக்கும்போது என்னென்ன இடறல்கள் வருகின்றன, அவற்றை எப்படித் தவிர்ப்பது என்று ஒரு பாடமாக எழுதித் தருமாறு ஆசிரியர் குழுவினர் கேட்டார்கள். நான் கணிப்பொறி படித்தவன் அல்லன். டிப்ளமா முடித்து, ரயில்வேயில் சிக்னல் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனால் பட்டியல்களோடு ஆயுள் முழுதும் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

நான் இப்போது குடியிருப்பது நாராயணவனத்தில். புத்தூருக்கு அருகே, அருணா நதிக்கரையில் உள்ள ஊர். பத்மாவதித் தாயாரை வேங்கடவன் மணம் புரிந்த இடம் என்று புராணம் சொல்லும் தலம். கல்யாண வேங்கடேசுவரர் கோயில் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் நிர்வாகத்தில் இருக்கிறது. தறிச் சத்தம் கேட்கும் ஊர். வெளியே தெலுங்கும் வீட்டுக்குள் தமிழுமாகப் பேசும் குடும்பங்கள் இங்கே நிறைய. அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காகத் தயாரான ஒரு பட்டியலில் நடந்ததை வைத்தே பாடத்தைச் சொல்லிவிடலாம்.

விண்ணப்பித்தவர்கள் 41 பேர். சங்கத்தில் இருந்த பட்டியலில் விண்ணப்ப எண், பெயர், முகவரி, பின்கோடு, தொகை என்று ஐந்து பத்திகள். ஊர் இளைஞர்கள் வீடு வீடாகப் போய்ச் சேகரித்த பட்டியலில் பெயரும் வங்கிக் கணக்கு எண்ணும் மட்டும். இரண்டையும் ஒன்றாக்கி வங்கிக்குக் கொடுக்க ஒரு கணினி மையத்திடம் வேலை ஒப்படைக்கப்பட்டது. பணம் 37 பேருக்குப் போயிற்று. மூன்று பேருடையது ‘விவரம் தவறு’ என்று வங்கியிலிருந்து திரும்பி வந்தது. நாலாவது ஒரு பெண்ணின் விஷயம் வேறு. அவள் பெயர் திரும்பி வந்தவர்களிலும் இல்லை, போனவர்களிலும் இல்லை. பாலிடெக்னிக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கியபோது அவள் தாயார் வந்து கேட்ட பிறகுதான் விஷயமே தெரிந்தது. அதற்குள் வீட்டில் வட்டிக்கு வாங்கிக் கட்டிவிட்டார்கள். கோப்புகளைப் பார்க்கச் சொல்லி என்னிடம் கொண்டுவந்தார்கள். நாலு பேருக்கும் காரணம் ஒன்றல்ல, மூன்று. மூன்றையும் வரிசையாகப் பார்ப்போம்.

சி.எஸ்.வி. என்ற கோப்பு

எக்ஸெல் போன்ற விரிதாள் செயலிகளிலிருந்து வேறொரு செயலிக்கு விவரத்தைக் கொண்டுபோகப் பொதுவாகப் பயன்படுவது சி.எஸ்.வி. கோப்பு. காற்புள்ளியால் பிரித்த மதிப்புகள் என்று பொருள். இதில் கோடு, கட்டம், வண்ணம் ஒன்றும் கிடையாது. வெறும் எழுத்து. ஒரு வரி ஓர் ஆள். அந்த வரிக்குள் ஒரு விவரம் முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தில் ஒரு காற்புள்ளி, அதாவது கமா. அவ்வளவுதான்.

இதற்கு முன்பு அட்டையில் துளையிட்டு விவரம் ஏற்றிய காலத்தில் பிரிப்பானே தேவைப்படவில்லை. ஓர் அட்டைக்கு 80 கட்டம். முதல் 6 கட்டம் பணியாளர் எண், அடுத்த 20 கட்டம் பெயர் என்று இடத்தை முன்பே ஒதுக்கிவிடுவார்கள். பெயர் நீளமாக இருந்தால் வால் வெட்டுப்படும். நம்மவர் பெயர்கள் வெட்டுப்படாத சம்பளப் பட்டியலை அந்த நாட்களில் பார்ப்பது அரிது. இந்தத் தொல்லைக்கு மாற்றாகத்தான் காற்புள்ளி வந்தது. 1972-லேயே ஐ.பி.எம். நிறுவனத்தின் ஃபோர்ட்ரான் மொழியில் காற்புள்ளி போட்டு விவரம் கொடுக்கும் வசதி இருந்தது. ஆனால் இதற்கென்று பொதுவாக ஒரு விதிமுறையை எழுதி வெளியிட்டது 2005 அக்டோபரில்தான். ஆர்.எஃப்.சி. 4180 என்பது அந்த ஆவணத்தின் பெயர். முப்பது வருஷத்துக்கு மேல் ஒவ்வொரு செயலியும் தன் இஷ்டத்துக்கு எழுதிப் படித்து வந்தது என்று அர்த்தம். இன்றும் சில செயலிகள் அப்படித்தான்.

காற்புள்ளி எங்கே இடறுகிறது என்றால், நம் முகவரியில். ஒரு வரியைப் பாருங்கள். ராமசாமி என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

101,ராமசாமி,12, பஜார் தெரு, நாராயணவனம்,517581,5,000

நாம் படிக்கும்போது இதில் குழப்பமே இல்லை. கணிப்பொறிக்கு அறிவு கிடையாது, காற்புள்ளியை மட்டும் எண்ணும். இந்த வரியில் அது ஐந்து விவரத்துக்குப் பதிலாக எட்டைக் காண்கிறது. முகவரி என்ற பத்தியில் ‘12’ மட்டும் போய் உட்காரும். பின்கோடு பத்தியில் ‘பஜார் தெரு’. தொகை பத்தியில் ‘நாராயணவனம்’. பின்கோடும் தொகையும் தலைப்பே இல்லாத பத்திகளுக்கு ஓடிவிடும். ஐயாயிரம் ரூபாயும் ‘5’ என்றும் ‘000’ என்றும் இரண்டாக உடைந்துவிடும். திரும்பி வந்த மூன்றில் இரண்டு இந்த ரகம். மற்ற பிள்ளைகளின் முகவரியில் கதவு எண்ணும் தெருவும் காற்புள்ளி இல்லாமல் எழுதப்பட்டிருந்தன, தப்பித்தார்கள். ஒழுங்காக நிறுத்தக்குறி போட்டு எழுதிய இரண்டு குடும்பத்துக்குத்தான் பணம் வரவில்லை!

இதற்கு வழி இரட்டை மேற்கோள் குறி. காற்புள்ளி உள்ளே இருக்கும் விவரத்தை முன்னும் பின்னும் மேற்கோள் குறிக்குள் அடைத்துவிட வேண்டும்.

101,ராமசாமி,"12, பஜார் தெரு, நாராயணவனம்",517581,5000

சரக்கு ரயிலில் பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவே உள்ள கப்ளிங்தான் காற்புள்ளி என்றால், மேற்கோள் குறி என்பது பெட்டியின் மூடிய கதவு. கதவுக்குள் கப்ளிங் கிடந்தாலும் அது சரக்குதான், இணைப்பு அல்ல. தொகையை மட்டும் மேற்கோளுக்குள் வைக்காமல் காற்புள்ளியையே எடுத்துவிட்டேன், கவனித்திருப்பீர்கள். எண்களைப் பொறுத்தவரை அதுதான் நல்லது. லட்சத்துக்கு நாம் 1,00,000 என்று எழுதுவோம், மேல்நாட்டார் 100,000 என்று எழுதுவார்கள். கோப்புக்குள் இரண்டும் வேண்டாம். 100000 என்று மொட்டையாகவே இருக்கட்டும். காற்புள்ளி போட்டு அழகு பார்ப்பது அச்சிடும்போது செய்கிற வேலை.

மேற்கோள் குறியிலும் சில நுணுக்கங்கள் உண்டு. விவரத்துக்குள்ளேயே மேற்கோள் குறி வந்தால் அதை இரண்டு முறை போட வேண்டும். ரயில்வே ஸ்டோர்ஸ் பட்டியலில் இது தினப்படி வரும், ஏனென்றால் அங்குலத்துக்கும் அதே குறிதான். நாலு அங்குல போல்ட்டை இப்படி எழுத வேண்டும்:

"4"" போல்ட், நட்டுடன்"

காற்புள்ளிக்கும் மேற்கோளுக்கும் நடுவே இடைவெளி விடக் கூடாது. விட்டால், பல செயலிகள் அந்த மேற்கோளைக் கதவாகவே மதிப்பதில்லை. அதேபோல் வேர்ட் செயலியில் தட்டச்சு செய்தால் மேற்கோள் குறி தானாக வளைந்து, திறப்புக்கு ஒரு வடிவம், மூடலுக்கு ஒரு வடிவம் என்று அழகாக வரும். பார்க்க லட்சணம், சி.எஸ்.வி.க்கு உதவாது. நேராக நிற்கும் குறிதான் வேண்டும். பட்டியலை வேர்டில் தயாரிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம்.

எல்லாவற்றையும்விட மோசமானது திறந்துவிட்டு மூடாத மேற்கோள். விவரத்தின் முதலில் ஒரு குறி இருந்து, கடைசியில் அதற்கு ஜோடி இல்லையென்றால், கணிப்பொறி அடுத்த மேற்கோள் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே போகும். வரி முடிந்தாலும் நிற்காது. மேற்கோளுக்குள் வரி உடைவதற்கு விதியில் அனுமதி உண்டு. அதனால் அடுத்த பத்து ஆட்களையும் ஒருவருடைய முகவரிக்குள் போட்டு மூட்டை கட்டிவிடும். திரையில் ஒரு பிழைச் செய்தியும் வராது. எக்ஸெலில் ஒரே கட்டத்துக்குள் ஆல்ட்டையும் என்டரையும் சேர்த்து அழுத்தி முகவரியை நாலு வரியாக எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் இந்தக் குழப்பத்துக்கு அடிகோலும். முகவரி ஒரே வரியில் ஓடட்டும்.

காற்புள்ளி மட்டும்தானா?

வேறு பிரிப்பான்களும் உண்டு. ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் தசமப் புள்ளிக்குப் பதிலாகக் காற்புள்ளி போடுவார்கள். நாம் 1250.50 என்று எழுதுவதை ஜெர்மனியில் 1250,50 என்று எழுதுவார்கள். எண்ணுக்குள்ளேயே காற்புள்ளி இருப்பதால் அங்குள்ள எக்ஸெல் அதைப் பிரிப்பானாக வைக்காமல் அரைப்புள்ளியை வைக்கிறது. எந்தக் குறி என்பதை விண்டோஸில் நாம் தேர்ந்தெடுத்திருக்கும் நாட்டு அமைப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஆகவே ஸ்டட்கார்ட்டில் இருக்கும் அன்பர் அனுப்பும் நன்கொடையாளர் பட்டியலை இங்கே திறந்தால் எல்லாமே முதல் பத்தியில் ஒட்டிக்கொண்டு நிற்கும். அவர்மேல் குற்றமில்லை, நம்மேலும் குற்றமில்லை. கோப்பை நேரடியாக இரட்டைச் சொடுக்கில் திறக்காமல், எக்ஸெலில் ‘டேட்டா’ பகுதியில் உள்ள இறக்குமதி வழியாகத் திறந்து, பிரிப்பான் அரைப்புள்ளி என்று நாமே சொல்ல வேண்டும். லிப்ரே ஆபீஸ் இந்த விஷயத்தில் எனக்குப் பிடித்தமானது. ஒவ்வொரு முறையும் பிரிப்பான் எது, எழுத்துமுறை எது என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கும். சிலருக்கு அது தொந்தரவு, எனக்கு அது மரியாதை.

டேப் விசையால் பிரிப்பது இன்னொரு முறை. முகவரி எழுதும்போது யாரும் டேப் அடிப்பதில்லை என்பதால் மோதல் குறைவு. இதழுக்கான முகவரிச் சீட்டுகளை இன்டிசைனில் டேட்டா மெர்ஜ் வழியாக அச்சிடுகிறவர்கள் காற்புள்ளி, டேப் இரண்டில் எதையும் தரலாம். நான் டேப்பையே பரிந்துரைப்பேன். அதில் ஒரு குறை, கண்ணுக்குத் தெரியாது. செங்குத்துக் கோட்டைப் பிரிப்பானாக வைப்பவர்களும் உண்டு, அது கண்ணுக்கு நன்றாகத் தெரியும். விசித்திரம் என்னவென்றால், கணிப்பொறியின் பழைய ஆஸ்கி குறியீட்டு அட்டவணையில் 28 முதல் 31 வரையுள்ள நான்கு குறிகள் இந்த வேலைக்கென்றே ஒதுக்கப்பட்டவை. அவற்றுக்கு விசைப்பலகையில் விசை கிடையாது, ஆகையால் யாரும் சீண்டவில்லை.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். காற்புள்ளி தொல்லை தருகிறது என்று நோட்பேடில் கோப்பைத் திறந்து எல்லாக் காற்புள்ளிகளையும் ஒரேயடியாக அரைப்புள்ளியாக மாற்றுவது. முகவரிக்குள் இருப்பதும் சேர்ந்து மாறிவிடும், இணைப்பு எது, சரக்கு எது என்று பிறகு தெரியாது.

பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய விபத்து காத்திருக்கிறது. பாமினி எழுத்துருவை ஈழத் தமிழ் அன்பர்களில் பலர் வருஷக்கணக்கில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அந்த எழுத்துருவில் ‘இ’ என்ற எழுத்து காற்புள்ளியின் இடத்தில் இருக்கிறது. மெய்யெழுத்தின் தலைப்புள்ளி அரைப்புள்ளியின் இடத்தில். திரையில் ‘இலங்கை’ என்று தெரிவது கோப்புக்குள் ஒரு காற்புள்ளியோடு தொடங்குகிறது! இப்படிப்பட்ட பட்டியலைக் காற்புள்ளியால் பிரித்தால் இளங்கோவும் இந்திராவும் தலையிழப்பார்கள். அரைப்புள்ளியால் பிரித்தால் மெய்யெழுத்து உள்ள எல்லாருமே உடைவார்கள். டேப் பிரிப்பானோடு வெளியே எடுத்து, யூனிகோடுக்கு மாற்றி, அதன் பிறகே மற்ற பட்டியலோடு சேர்க்க வேண்டும்.

யூனிகோடு வந்த பிறகும் ஓர் எச்சரிக்கை. எக்ஸெலில் ‘சி.எஸ்.வி.’ என்று மட்டும் போட்டுச் சேமித்தால் தமிழ் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். மாறியது மாறியதுதான், திரும்பக் கொண்டுவர முடியாது. ‘சி.எஸ்.வி. யூ.டி.எஃப்-8’ என்று தனியாக ஒரு வகை பட்டியலில் இருக்கும், அதைத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கு எண்ணுக்கு நேர்ந்தது

திரும்பி வந்த மூன்றாவது பிள்ளையின் முகவரியில் கோளாறு இல்லை. அவருடைய வங்கியில் கணக்கு எண் 16 இலக்கம். எக்ஸெல் அதை ஓர் எண் என்று நினைத்துக்கொள்கிறது. எண் என்றால் 15 இலக்கம் வரைதான் அது துல்லியமாக வைத்துக்கொள்ளும், பதினாறாவது பூஜ்யமாகிவிடும். போதாக்குறைக்கு 11 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைப் பத்தின் அடுக்காகச் சுருக்கிக் காட்டும். கட்டத்தில் எப்படிக் காட்டுகிறதோ அப்படியேதான் சி.எஸ்.வி.யில் எழுதும். வங்கிக்குப் போனது கணக்கு எண் அல்ல, அதன் உத்தேச மதிப்பு! 12 இலக்க ஆதார் எண்ணுக்கும் இதே கதிதான்.

முன்னால் வரும் பூஜ்யமும் இப்படித்தான் காணாமல் போகிறது. திருப்பதியின் எஸ்.டி.டி. குறியீடு 0877. எக்ஸெல் அதை 877 ஆக்கிவிடும். ரயில் அன்பர்களுக்குச் சொல்வதென்றால், 2010 டிசம்பர் 20 முதல் நம் ரயில் எண்கள் ஐந்து இலக்கம் ஆயின. சிறப்பு ரயில்களின் எண் பூஜ்யத்தில் தொடங்கும். கொரோனா காலத்தில் வழக்கமான ரயில்களே சிறப்பு ரயில்களாக ஓடி, எல்லாமே பூஜ்யத்தில் தொடங்கியதை நினைவிருக்கும். அந்தப் பட்டியலை எக்ஸெலில் திறந்தால் ஐந்து இலக்க ரயில் நான்கு இலக்க ரயிலாகிவிடும். கூட்டவோ கழிக்கவோ போகாத எந்த எண்ணும் எண்ணே அல்ல, எழுத்து. கணக்கு எண், தொலைபேசி, பின்கோடு, ரயில் எண் எல்லாம் அப்படியே. இறக்குமதி செய்யும்போது அந்தப் பத்திகளை ‘டெக்ஸ்ட்’ என்று குறித்துவிட வேண்டும். இது விஞ்ஞானிகளையே ஆட்டிவைத்த சங்கதி. மரபணுக்கள் சிலவற்றின் சுருக்கப் பெயர்கள் மார்ச், செப்டம்பர் மாதப் பெயர்களைப் போல இருந்ததால் எக்ஸெல் அவற்றைத் தேதியாக மாற்றிக்கொண்டே இருந்தது. அந்தச் செயலியோடு போராடி அலுத்து, 2020-ல் மரபணுக்களின் பெயரையே மாற்றிவிட்டார்கள்.

எதை வைத்து இணைப்பது

இனி அந்தப் பாலிடெக்னிக் பெண்ணின் விஷயம். இரண்டு பட்டியலையும் பெயரை வைத்து இணைத்திருந்தார்கள். நாராயணவனத்தில் ஒரே பெயரில் இரண்டு மாணவிகள். பெயரும் ஒன்று, ஊரும் ஒன்று, பின்கோடும் ஒன்று. ‘இரட்டைப் பதிவு’ என்று ஒரு வரியை நீக்கிவிட்டார்கள். நீக்கப்பட்டவள் அந்தப் பெண்.

இடறி விழுந்த மற்ற மூன்று பேரும் சத்தம் போட்டு விழுந்தார்கள், வங்கி திருப்பி அனுப்பியது. இவள் சத்தமில்லாமல் விழுந்தாள். சிக்னல் வேலையில் எங்களுக்கு முதல் பாடமே இதுதான்: கம்பி அறுந்தால், மின்சாரம் நின்றால், சிக்னல் சிவப்புக்குப் போக வேண்டும். பழுது தன்னைத் தானே காட்டிக்கொள்ள வேண்டும். பட்டியல் இணைப்பில் பழுது பெரும்பாலும் பச்சையைக் காட்டிக்கொண்டு நிற்கும்.

பெயரை வைத்து இணைக்கவே கூடாது என்பது என் அபிப்பிராயம். நம்மவர்கள் தலைப்பெழுத்தை முன்னால் போடுவோம், சிலர் பின்னால் போடுவார்கள், தெலுங்கு வழக்கில் வீட்டுப் பெயர் முன்னால் வரும். ஒரே ஆள் மூன்று ஆளாகத் தெரிவார். போதாததற்குத் தமிழ் யூனிகோடில் ஒரே எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்க முடியும். ‘கோபால்’ என்பதில் உள்ள ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரட்டைச் சுழிக் கொம்பும் காலுமாக இரண்டு துண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணிப்பொறிக்கு வேறு வேறு. ‘ஸ்ரீ’யும் அப்படியே, அதற்குள் இருப்பது ‘ஸ’வாகவும் இருக்கலாம், ‘ஶ’வாகவும் இருக்கலாம். திருப்பதிச் சீமையில் வீட்டுக்கு ஒரு ஸ்ரீநிவாசன் இருக்கிறார் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

ஊர்ப் பெயரும் உதவாது. எங்கள் ஊரையே நாராயணவனம் என்றும் எழுதுகிறார்கள், நாராயணவரம் என்றும் எழுதுகிறார்கள். 2022 ஏப்ரல் 4 அன்று திருப்பதி தனி மாவட்டமானபோது எங்கள் ஊர் சித்தூர் மாவட்டத்திலிருந்து அதற்கு மாறியது. பழைய பட்டியலில் சித்தூர், புதியதில் திருப்பதி, ஆள் ஒருவர்தான். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கிறது, மாவட்டம் மாறியும் அது மாறவில்லை. ஆனால் அது தபால் பிரித்தலுக்கான எண், ஆளுக்கான எண் அல்ல.

ரயில்வேயில் நிலையங்களைப் பெயரால் இணைப்பதில்லை, குறியீட்டால்தான். எங்கள் புத்தூருக்கு பி.யு.டி. கர்நாடகத்தில் இன்னொரு புத்தூர் உண்டு, கபக புத்தூர், அதற்குக் கே.பி.பி.ஆர். பெயரை நம்பி பார்சல் ஏற்றினால் அது மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டிப் போய்விடும். ஆகவே நம் பட்டியலிலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் விண்ணப்ப எண் ஒன்று, அது எல்லாப் பட்டியலிலும் முதல் பத்தியாக இருக்க வேண்டும். ஊர் இளைஞர்கள் கணக்கு எண் சேகரிக்கும்போது பெயருக்கு முன் அந்த விண்ணப்ப எண்ணை எழுதிக்கொண்டிருந்தால் இரண்டு மாணவிகளும் இரண்டு பேராகவே இருந்திருப்பார்கள்.

எல்.வி. பலகையும் அச்சு எண்ணியும்

ரயிலின் கடைசிப் பெட்டியின் பின்புறம் ‘எல்.வி.’ என்று ஒரு பலகை தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கடைசி வண்டி என்று பொருள். ரயில் நிலையத்தைக் கடக்கும்போது ஸ்டேஷன் மாஸ்டர் அந்தப் பலகையை, இரவானால் சிவப்பு விளக்கை, பார்த்த பிறகே ரயில் முழுதாக வந்துவிட்டது என்று முடிவு செய்வார். பார்க்கவில்லையென்றால் நடுவழியில் பெட்டி அறுந்து நிற்கிறதோ என்று சந்தேகம். பின்னால் வரும் ரயிலுக்கு லைன் கிளியர் கிடைக்காது.

நான் என் பட்டியல்களில் இதையே செய்கிறேன். கடைசியாக ஒரு பத்தி சேர்த்து, ஒவ்வொரு வரியிலும் ‘எல்வி’ என்று எழுதிவிடுவேன். கோப்பை வேறொரு செயலியில் திறந்தவுடன் முதலில் பார்ப்பது அந்தப் பத்தியைத்தான். மேலிருந்து கீழ்வரை நேர்கோடாக ‘எல்வி’ நின்றால் எந்த வரியும் நகரவில்லை. ஒரு வரியில் அது வலப்பக்கம் தள்ளி நின்றால் உள்ளே கூடுதலாக ஒரு காற்புள்ளி இருக்கிறது. இடப்பக்கம் வந்திருந்தால் ஒன்று குறைகிறது. ராமசாமியின் முதல் வரிக்கு இதைச் செய்திருந்தால் ஆறாவது பத்தியில் நிற்க வேண்டிய ‘எல்வி’ ஒன்பதாவதில் நின்றிருக்கும். செலவில்லாத சோதனை, இரண்டு நிமிஷம்.

ஆனால் இது பத்தி நகர்வதை மட்டும்தான் காட்டும். கணக்கு எண் சிதைவதைக் காட்டாது, ஒரு வரியே காணாமல் போவதையும் காட்டாது. வரி காணாமல் போவதற்கு அச்சு எண்ணியின் முறை. தண்டவாளத்தின் ஒரு பகுதிக்குள் எத்தனை அச்சு நுழைந்தது, எத்தனை வெளியேறியது என்று அந்தக் கருவி எண்ணும். இரண்டும் சமமானால்தான் பாதை காலி. இணைப்பதற்கு முன் எத்தனை வரி, பின் எத்தனை வரி என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு உள்ளே போனது 41, வெளியே வந்தது 40. ஒருவர் எண்ணியிருந்தால் போதும், அந்த வீட்டில் வட்டிக்கு வாங்க வேண்டியிருந்திருக்காது.

எண்ணாமல் விடுவது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. 2020-ல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறைக்குப் பரிசோதனைக் கூடங்களிலிருந்து கொரோனா முடிவுகள் சி.எஸ்.வி. கோப்புகளாக வந்தன. அவற்றைப் பழைய வகை எக்ஸெல் கோப்பில் ஏற்றினார்கள். அந்த வகையில் 65,536 வரிக்கு மேல் இடம் கிடையாது. ஒரு நோயாளிக்குப் பல வரி தேவைப்பட்டதால் இடம் சீக்கிரமே நிரம்பி, மீதி வரிகள் சத்தமில்லாமல் வெளியே நின்றன. செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 பேர் கணக்கில் விடுபட்டார்கள். அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் அத்தனை நாள் தாமதமாயிற்று. புதிய வகைக் கோப்பில் 10,48,576 வரி வரை இடமுண்டு. நம் சங்கத்துக்கு அது தாராளம்.

தொகைப் பத்தியின் கூட்டுத்தொகையையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டுவிடுங்கள். கணக்கு எண்ணுக்கு அதன் நீளத்தை அளந்து பார்க்கலாம். எக்ஸெலில் ஒரு கட்டத்தின் எழுத்துகளை எண்ணும் சூத்திரம் இருக்கிறது. ஒரே வங்கியின் கணக்கு எண்களெல்லாம் பெரும்பாலும் ஒரே நீளம்தான், வித்தியாசமானது உடனே தெரிந்துவிடும்.

பிள்ளைகள் வீட்டில் செய்து பார்க்க ஒரு பயிற்சி. கீழுள்ள வரியில் மொத்தம் எத்தனை காற்புள்ளி, எத்தனை பத்தி?

107,"ஸ்ரீநிவாசன், கே.","4, கோயில் வீதி, நாராயணவனம்",517581,"2,500",எல்வி

காற்புள்ளி ஒன்பது. அவற்றில் நான்கு மேற்கோளுக்குள் இருப்பதால் கணக்கில் சேராது. மீதி ஐந்து, ஆகவே பத்தி ஆறு. ‘எல்வி’ ஆறாவதில் நிற்கிறது, ரயில் முழுதாக வந்துவிட்டது. தொகையில் உள்ள அந்தக் காற்புள்ளியை மட்டும் எடுத்துவிட்டு அனுப்புங்கள்.